பழைய வானின் முன்னச்சு

மன்னார்த் தீவில் பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போருக்குப் பகைவர் இருவர். ஒருவர் உப்புக் காற்று. மற்றவர் வீட்டிலுள்ள இளைஞர். எமது வொக்ஸ்வாகன் வானுக்கு இவ்விரு தொல்லையும் ஒருங்கே வாய்த்தன.

1947ஆம் ஆண்டில் பென் பொன் என்னும் ஒல்லாந்து வணிகர் தமது குறிப்புப் புத்தகத்திலே பெட்டி போன்றதோர் உருவத்தைக் கீறினார். 1950இல் அது வண்டியாக வெளிவந்தது. எம்மிடமுள்ளது 1967இன் பிற்பகுதியில் அறிமுகமான இரண்டாந் தலைமுறை. முன்கண்ணாடி ஒரே துண்டாய் இருக்கும். அதன் முன்புறத்தைத் தாழ்த்திச் சக்கரங்களையும் சற்றே உள்ளிழுத்துவிட வேண்டுமென்பது எமது மருமகனின் ஆசை. படங்களில் அவ்வாறு தாழ்ந்து நிற்கும் வண்டிகள் அழகாகத்தான் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஆகஸ்ட் மாத மடுத் திருவிழாவுக்கு அம்மாவையும் குழந்தைகளையும் ஏற்றிச் செல்வது இந்த வானே. ஆகவே வழக்கு அழகைப் பற்றியது மட்டுமன்று.

இவ்வண்டியின் முன்னச்சிலே சுருள்வில்லுமில்லை, பட்டைவில்லுமில்லை. குறுக்கே, மேலும் கீழுமாக இரண்டு உருக்குக் குழாய்கள். ஒவ்வொன்றினுள்ளும் மெல்லிய உருக்குத் தகடுகளின் கட்டு. கட்டின் நடுப்பகுதி குழாயின் மையத்தில் அசையாது பிணிக்கப்பட்டிருக்கும். இரு முனைகளிலும் சக்கரங்களைத் தாங்கும் கைகள் பூட்டப்பட்டிருக்கும். சக்கரம் மேடேறி இறங்கும்போது, ஈரத்துணியைப் பிழிவது போலத் தகடுகள் முறுகி மீள்கின்றன.

வண்டியைத் தாழ்த்துவதாயின் குழாயின் நடுவை வெட்டி, மையப் பிணிப்பைச் சற்றே சுழற்றி, மீண்டும் ஒட்டவேண்டும். கையின் நீளம் 6 அங்குலம் என்று கொள்வோம். கிடையாக நிற்கும் அதனை 10 பாகை திருப்பினால் முனை ஏறத்தாழ 1 அங்குலம் நகரும். திரிகோண கணிதம் எதற்கு உதவும் என்று கேட்கும் மாணவர் கவனிக்க! சக்கரங்களை உள்ளிழுப்பது இதனினும் சிக்கல். குழாயில் 2 அங்குலம் குறைத்தால் தகடுகளையும் முனைக்கு ஓரங்குலமாகக் குறைத்து, திருகாணி அமரும் குழிகளைப் புதிதாகக் கடைய வேண்டும்.

நகரிலே கராஜ் நடத்தும் முதியவரிடம் மருமகன் இதனைச் சொன்னபோது அவர் சிரித்தார்.

"தம்பி, வெட்டுறது அரை மணித்தியால வேலை. முதலிலை அளந்துபோட்டுப் பிறகு கதைப்பம்."

முன்னச்சைக் கழற்றி, வேப்பமர நிழலில் கிடத்தி, ஆறவிட்டார்கள். வெய்யிலில் காய்ந்த உருக்கு, மீற்றருக்குப் பத்துப் பாகை செல்சியஸ் வெப்பத்திற்கு 0.12 மில்லிமீற்றர் அளவு நீளும். அச்சின் அகலத்தை ஒருநாள் வெய்யிலிலும் மறுநாள் நிழலிலும் அளந்தால் இரண்டு விடை கிடைக்கும்.

பள்ளிக்கூடத்து வேணியர் 0.1 மில்லிமீற்றர் வரை காட்டும், முதியவருடையது 0.05 வரை காட்டிற்று. புஷ்களின் துவாரங்களை அவர் மேல்கீழாக ஒருமுறையும், பக்கவாட்டில் ஒருமுறையும் அளந்தார். இரண்டும் ஒத்திருந்தால் துவாரம் வட்டம். வேறுபட்டால் தேய்ந்து முட்டை வடிவாகிவிட்டது என்று பொருள். இடப்பக்கக் கீழ்ப் புஷ்ஷில் வேறுபாடு 0.4 மில்லிமீற்றர். இதுவரை கவலையில்லை, புஷ்ஷை மாற்றிவிடலாம்.

பின்னர் கீழ்க்குழாயின் அடிப்புறத்தைக் கம்பித் தூரிகையால் தேய்க்கச் செய்தார். தள்ளாடியிலிருந்து தீவுக்கு வரும் தாம்போதியின் இருமருங்கும் கடல். காற்று வீசும் நாட்களில் தெறிக்கும் உவர்நீரும் மணலும் அவ்விடத்திலேயே போய் அப்பியிருந்தன. துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. குழாயின் வெளிவிட்டம் பக்கவாட்டில் இருந்ததைவிட மேல்கீழாக 1 மில்லிமீற்றருக்கு மேல் குறைந்திருந்தது. வெட்டி ஒட்டுவதற்கு உகந்த உலோகம் அங்கே இல்லை. வெட்டாமல் விட்டாலும் அந்த அச்சை நம்பி மடுவுக்குப் போக முடியாது.

பொத்தான்களையும் இருக்கைத் துணியையும் பற்றி வாதாடும் மருமகன் அன்று மாலை முழுவதும் வாய்திறக்கவில்லை.

கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வேறோர் அச்சுக்குச் சொல்லிவைத்தோம். 'வொக்ஸ்வாகன் அச்சு' என்று மட்டும் கேட்டால் போதாது. அதே கம்பனியின் சிறு காரிலும் இரட்டைக் குழாய் உண்டு. பார்வைக்கு ஒன்று, அளவில் வேறு. எனவே அகலமும், குழாய்களின் இடைவெளியும், விட்டமும் தொலைபேசியில் இரண்டுமுறை வாசிக்கப்பட்டன.

மூன்றாம் வாரம் லொறியில் அச்சு வந்திறங்கியது. பணத்தை எண்ணுமுன் மருமகன் முதியவரின் வேணியரை இரவல் வாங்கிவந்து கீழ்க்குழாயின் அடியிலே படுத்துவிட்டான். தாழ்த்துவதைப் பற்றித் திருவிழா முடிந்தபின் பேசலாமாம்.