சத்திரத்தில் இறங்கி, கலெக்டர் ஆபீஸ் போகிறவர்களுக்கு...

திங்கள்கிழமை காலை ஏழரை மணி. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் லால்குடி, மண்ணச்சநல்லூர், துறையூர், முசிறிப் பக்கத்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. பூக்கூடைகள், வாழை இலைக்கட்டுகள், புத்தகப் பை தோளில் தொங்கும் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் இறங்கிய பிறகு, மஞ்சள் பையோடு சிலர் நிதானமாக இறங்குகிறார்கள். அந்தப் பைக்குள் இருப்பது பத்திரம், சிட்டா நகல், ஆதார், ரெண்டு போட்டோ.

“தம்பி, கலெக்டர் ஆபீசுக்கு எந்த வண்டி?”

“சென்ட்ரல் போற ஒண்ணாம் நம்பர்ல ஏறுங்கய்யா. அங்க இறங்கி விசாரிச்சுக்கங்க.”

வண்டி கிடைப்பது சுலபம். வேலை முடிந்து திரும்புவதுதான் பாடு. ஒரு விவசாயிக்கு ஒருநாள் டவுனுக்கு வருவது என்றால், தண்ணீர் முறை போகும், மாட்டைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வர வேண்டும், போகவர பஸ் காசு, மதியச் சாப்பாடு. இவ்வளவுக்கும் பிறகு, ‘இது இங்க இல்ல, தாலுகா ஆபீஸ்ல கேளுங்க’ என்ற பதிலோடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். எந்த வேலை எந்த அலுவலகத்தில் நடக்கிறது, அது அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்பது தெரிந்தால் அந்த நாள் மிச்சமாகும். அதற்கு இந்த ஊரின் பெயரிலிருந்தே தொடங்கலாம்.

பெயரில் நிற்கும் சத்திரம்

வழிப்போக்கர்கள் தங்கவும், சில இடங்களில் ஒருவேளைச் சாப்பிடவும் கட்டி வைத்த இடம்தான் சத்திரம். நாயக்கர் காலத்தில் ராணி மங்கம்மாள் (1689-1706) சாலையும் சத்திரமும் அமைத்ததற்காகவே இன்றும் நினைக்கப்படுகிறார். பேருந்து நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், மலைக்கோட்டை அடிவாரத்தில் உள்ள அவர் பெயர் கொண்ட மண்டபத்தில்தான் இப்போது அரசு அருங்காட்சியகம் நடக்கிறது.

1801-ல் திருச்சி சீமை கம்பெனி கைக்குப் போனது. ஜான் வாலஸ் என்பவர் முதல் கலெக்டராக வந்தார். கலெக்டர் என்றால் வசூலிப்பவர்; நிலவரியைத் தண்டுவதுதான் அன்றைக்கு அவருடைய முதல் வேலை. 1817-ல் வந்த 7-வது ஒழுங்குவிதி, சத்திரம், பாலம் போன்ற பொதுக் காரியங்களுக்காக விடப்பட்ட மானியங்களைக் கவனிக்கும் பொறுப்பை வருவாய் வாரியத்திடம் கொடுத்தது. அதுவரை தர்மமாக நடந்தது, அதிலிருந்து அரசாங்க உத்தியோகத்தின் ஒரு பகுதியானது.

1884-ம் ஆண்டு உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்தபோது ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் அமைந்தன. சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை, சத்திரம் எல்லாம் அவர்கள் பார்த்துக்கொண்டவை. கொள்ளிடம் தாண்டியதும் வரும் ‘நம்பர் 1 டோல்கேட்’ சாலைகளில் சுங்கம் வாங்கிய காலத்தை ஞாபகப்படுத்தும் பெயர். 1931-ல் மோட்டார் வண்டிக்கு வரி போட்டபோது அந்தச் சுங்கச்சாவடிகளை எடுத்துவிட்டார்கள். 1957, 1958-ம் ஆண்டுச் சட்டங்களோடு ஜில்லா போர்டுகளும் போய், பஞ்சாயத்து யூனியன்கள் வந்தன. ‘அது ஜில்லா போர்டு ரோடு’ என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள்.

டவுன் கதை வேறு. திருச்சி நகராட்சி 1866-லும், ஸ்ரீரங்கம் நகராட்சி 1871-லும் வந்தவை. ஸ்ரீரங்கம், பொன்மலை இரண்டையும் சேர்த்து 1994-ல் திருச்சி மாநகராட்சி ஆனது. ஆகவே, சத்திரத்தில் இறங்கி நிற்கிற இடம் மாநகராட்சியுடையது. வந்த அரசு பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது. பையில் இருக்கும் பட்டா வருவாய்த் துறையுடையது. மூன்றையும் ‘கவர்மென்ட்’ என்றுதான் சொல்கிறோம். ஆனால், ஒருவர் வேலையை இன்னொருவர் செய்ய மாட்டார். முதல் அலைச்சல் இங்கேதான் தொடங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரூரும், பெரம்பலூரும், அரியலூரும் ஒரு காலத்தில் திருச்சி மாவட்டம்தான். அந்தப் பக்கத்து விவசாயி கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் திருச்சிக்குத்தான் வர வேண்டும். 1995-ல் மாவட்டம் பிரிந்த பிறகுதான் அந்தத் தூரம் குறைந்தது. இப்போது திருச்சி மாவட்டத்துக்குள் 11 தாலுகாக்கள் இருக்கின்றன. பெரும்பாலான வேலைகளுக்கு சத்திரம் வரை வரவே தேவையில்லை. அவரவர் தாலுகா அலுவலகமே போதும்.

கர்ணம் வீட்டுத் திண்ணையிலிருந்து...

நிலக்கணக்கு ஒரு காலத்தில் கர்ணம் வீட்டுப் பெட்டியில் இருந்தது. அப்பாவுக்குப் பிறகு பிள்ளை என்று பரம்பரையாக வந்த வேலை அது. எந்த வரப்பு யாருடையது, எந்த மடையில் யாருக்குப் பாத்தியதை என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அதுவே அவருடைய பலம். பிடிக்காதவர்களுக்கு அதுவே பயம்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் கர்ணம், மணியக்காரர் பதவிகளை ஒழித்தது. தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். யார் பிள்ளையும் படித்து அந்த நாற்காலிக்கு வரலாம் என்பது பெரிய மாற்றம். ஆனால், இடமாற்றத்தில் வந்து போகிறவருக்கு வரப்பு வாய்க்கால் மனப்பாடமாக இருக்காது. அவருக்குத் தெரிவதெல்லாம் பதிவேட்டில் இருப்பதுதான். அதனால், ‘ஊருக்கே தெரியும், இது எங்க தாத்தா நிலம்’ என்ற பேச்சு இப்போது செல்லாது. கம்ப்யூட்டரில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் பேச்சு.

பெயர் மாற்றாத பட்டா

மஞ்சள் பையோடு வருகிறவர்களில் பலருக்கும் சிக்கல் ஒன்றே. நிலம் இன்னும் இறந்துபோன அப்பா பெயரில் இருக்கிறது. பட்டாவில் தங்கள் பெயர் இல்லாததால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, நிவாரணம் எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை. இதைச் சரிசெய்யும் வரிசை இதுதான்.

முதலில் இறப்புச் சான்று. மரணம் எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். அப்பா திருச்சி ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் சான்று மாநகராட்சியில் கிடைக்கும். சொந்த ஊர் வி.ஏ.ஓ-விடம் தேடிப் பயனில்லை. வீட்டில் நடந்த மரணத்தை 21 நாள்களுக்குள் பதிந்துவிட வேண்டும். ஓராண்டைத் தாண்டவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வரை போக வேண்டியிருக்கும்.

அடுத்தது வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் விசாரித்து, வட்டாட்சியர் கொடுப்பார். கல்யாணமாகிப் போன பெண் பிள்ளைகளின் பெயரை விட்டுவிட்டு விண்ணப்பிப்பது பிற்பாடு வழக்கில்தான் முடியும்.

இரண்டு சான்றும் கைக்கு வந்தபின் பட்டா மாறுதல். வாரிசுகள் எல்லோர் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா போதுமென்றால் நிலத்தை அளக்க வேண்டியதில்லை. மண்டலத் துணை வட்டாட்சியர் அளவிலேயே முடியும். தனித்தனியாகப் பிரிக்க வேண்டுமென்றால், பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, உட்பிரிவுக்கு மனு போட வேண்டும். சர்வேயர் வந்து அளந்து, வட்டாட்சியர் உத்தரவு போடுவார். தள்ளுபடி செய்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. கலெக்டரிடம் நேராகப் போனாலும் மனு இதே வரிசையில்தான் கீழே இறங்கி வரும்.

மனுவுக்கு ஒரு நாள், கணக்குக்கு ஒரு நாள்

கீழே வேலை நடக்காதபோதுதான் மேலே போக வேண்டும். திங்கள்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மாதம் ஒருமுறை விவசாயிகளுக்கென்றே தனிக் கூட்டம். பாசனம், உரம், கொள்முதல், வங்கிக்கடன் என எல்லாத் துறையினரும் ஒரே இடத்தில் உட்காரும் நாள் அது.

இது தவிர, ஒவ்வொரு தாலுகாவிலும் மே, ஜூன் மாதங்களில் ஜமாபந்தி நடக்கும். அந்தப் பசலியின் கிராமக் கணக்குகளை உயரதிகாரி வந்து சரிபார்க்கும் நாள்கள் அவை. பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கும். அப்போதைய ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி எண் கிடைத்துவிடும். 2025 ஜூலையில் தொடங்குவது பசலி 1435. வி.ஏ.ஓ-வின் கணக்குப் புத்தகமும், மேலதிகாரியும், விவசாயியும் ஒரே மேசையில் இருக்கும் சந்தர்ப்பம் வருஷத்தில் இது ஒன்றுதான். திருச்சிக்கு நாலு தடவை அலைவதைவிட, சொந்த தாலுகா ஜமாபந்தியில் ஒருமுறை நிற்பது மேல்.

எந்த மனுவுக்கும் ரசீது வாங்காமல் நகரக் கூடாது. எண்ணும் தேதியும் இருந்தால், 1100 என்ற எண்ணில் கூப்பிட்டுக் கேட்கலாம். பதிலே வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில், ‘என் மனு எந்த மேசையில் இருக்கிறது?’ என்று எழுதிக் கேட்கலாம். 30 நாள்களுக்குள் பதில் சொல்ல வேண்டியது சட்டம்.

கலெக்டர் அலுவலக வாசலில் போலீஸார் பைகளைப் பிரித்துப் பார்ப்பதைச் சிலர் அவமானமாக நினைப்பதுண்டு. 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமை பற்றித் திரும்பத் திரும்ப மனு கொடுத்த ஒரு குடும்பம் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீக்குளித்தது. இரண்டு குழந்தைகளும் போய்விட்டார்கள். மனு என்பது வெறும் காகிதம் இல்லை என்று அந்த நாற்காலிகளில் இருப்பவர்களுக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. அங்கே வேலை பார்க்கிறவர்களில் பலரும் நம்மைப் போன்ற விவசாயி வீட்டுப் பிள்ளைகள்தான். சரியான காகிதத்தோடு, சரியான மேசைக்குப் போனால், வேலையை முடித்துக்கொடுக்க மனசுள்ளவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மஞ்சள் பைகள் மறுபடியும் சத்திரத்துக்கு வருகின்றன. பழைய சத்திரத்தில், வந்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். இன்றைக்கு அந்த ஆளை நாமே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. தேடிக் கண்டவர்கள், ரசீதை ஆதாருக்கும் சிட்டாவுக்கும் நடுவில் பத்திரமாக வைத்துக்கொண்டு, மாடு கறக்கும் நேரத்துக்கு ஊர் போய்ச் சேர லால்குடி வண்டியில் ஏறுகிறார்கள்.