பெரியத்தாவின் ஹெரால்டு

நெல்லிக்குப்பத்தில் மர்ஹூம் பெரியத்தா அவர்களின் வீட்டுக் கொல்லையில், கீற்றுக் கொட்டகையின் கீழே, ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று முப்பதாண்டுகளாக நின்றுகொண்டிருக்கிறது. பழைய இரும்பு வாங்குவோர் இருமுறை வந்து விலை பேசிச் சென்றனர். வளைகுடா நாட்டில் பணியாற்றும் பேரனோ, "சின்னத்தா, விற்க வேண்டாம், பழையபடி ஓட வைத்துவிடுவோம்" என்கிறான். பெரியம்மா குடியிருக்கும் வீட்டின் மாடித்தளம் மழைக்கு ஒழுகுகிறது. தளத்துக்கும் காருக்குமாக அவனிடம் உள்ள சேமிப்பு ஒன்றே. எனவேதான் அரபி இலக்கணம் கற்பிக்கும் என்னிடம் இந்த வழக்கு வந்து சேர்ந்தது.

அம்பாசிடரையும் பியட்டையும் அறிந்த வாசகர் பலர் ஹெரால்டை அறியமாட்டார்கள். இத்தனைக்கும் அது நம் சென்னையில் உருவான வண்டி. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் என்னும் பெயரோடு வெளிவந்ததை, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் 1961 முதல் இங்கே செய்தனர். வடிவமைத்தவர் ஜியோவானி மிச்செலோட்டி என்னும் இத்தாலியர். எஞ்சின் 948 சி.சி.தான், ஆனால் 25 அடி விட்டத்துக்குள் வண்டி திரும்பிவிடும். எங்கள் குறுகிய தெருமுனையில் பெரியத்தா அதை ஒரே வீச்சில் திருப்புவதைச் சிறுவனாக நான் வாய்பிளந்து பார்த்ததுண்டு.

ஏக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். நெய்வேலிச் சுரங்கத்தின் வாகனப் பணிமனையில் இருந்து ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கொண்டுவந்தவை ஒரு ஸ்குரூ டிரைவரும் ஒரு காந்தமும் மட்டுமே. "ஹஜரத், பெயிண்டைப் பார்க்காதீங்க, அடியிலே படுத்துப் பாருங்க" என்றார். இந்த வயதில் படுத்தும் பார்த்தேன்!

அம்பாசிடர் போன்ற வண்டிகளில் அடிச்சட்டமும் உடலும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. அடி அழிந்தால் வண்டியே அழிந்தது. ஹெரால்டுக்கோ சேஸிஸ் தனி. கதவு, பானெட், மட்கார்டு முதலியவை அதன்மேல் போல்ட்டுகளால் பூட்டப்பட்டவை. ஆகவே துரு எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதே இங்குக் கேள்வி. காந்தம் கதவின் கீழ்விளிம்பில் ஒட்டவில்லை. என்றோ ஒரு டிங்கர் ஓட்டையைப் பட்டி பூசி மறைத்திருக்கிறார். இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்தே வண்ணத்தைப் பிதுக்கித் தள்ளுகிறது. வெளியே ஒரு புள்ளி தெரிந்தால் உள்ளே ஒரு பொத்தல் இருக்கக்கூடும். கடலூர்க் காற்றின் உப்பு வேறு. சேஸிஸின் பக்கவாட்டுக் கைகள் பூச்சி அரித்த வெற்றிலை போல் இருந்தன. நடுவே செல்லும் இரு பெரிய சட்டங்களில் மட்டும் ஸ்குரூ டிரைவர் இறங்க மறுத்தது. அதைக் கண்டதும்தான் அவர் முகம் மலர்ந்தது. இறுகிக் கிடந்த எஞ்சினின் பிளக்குகளைக் கழற்றி டீசல் ஊற்றிச் சென்றார். எட்டாம் நாள் வந்து கையால் சுழற்ற, சுழன்றது.

அரபியில் 'ரம்ம' என்னும் வினைச்சொல் எனக்கு நினைவு வந்தது. சிதைந்ததைச் செப்பனிடுதல் என்றும் பொருள். எலும்பு இற்றுப்போதல் என்றும் பொருள். புனரமைப்புக்கு வழங்கும் 'தர்மீம்', உக்கிய எலும்பைக் குறிக்கும் 'ரமீம்' இரண்டும் அவ்வேரில் கிளைத்தவையே. மாணவர்க்குப் பலமுறை சொன்னதை அந்தக் காரின் அடியில் கண்ணால் கண்டேன்.

செலவு, வண்டியின் சந்தை மதிப்பை விஞ்சும் என்பதில் ஐயமில்லை. வருவாயும் இராது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, 50 ஆண்டு கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆயின் கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்ப்பு போன்றவற்றுக்கே சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயணத்துக்கு அனுமதியில்லை. சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவை பெரும் மாற்றம் பெற்றிருக்கவும் கூடாது. வேறு எஞ்சினைப் பொருத்திவிடலாம் என்று பேரனுக்கு யாரோ சொல்லிய யோசனையை இது அடைத்துவிடுகிறது. நல்லதுதான்.

இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்றுண்டு: கார் யாருடையது? ஆர்.சி. புத்தகம் இன்னும் பெரியத்தா பெயரில் இருக்கிறது. பெரியம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியது மகனுக்கும் இரு மகள்களுக்கும். தகப்பனார் உயிரோடிருக்கப் பேரன் வாரிசே அல்லன். பொதுச் சொத்தில் ஒருவன் தன் பொருளைக் கொட்டிவிட்டுப் பின்னர் உரிமை கோரினால் குடும்பம் உடையும். அது துருவினும் விரைவாகப் பரவும்.

என் முடிவை அவனுக்கு எழுதினேன்: காரைப் புதுப்பிக்கலாம், தகுதியுடையதே. ஆனால் தளம் முதலில். வாரிசுகள் அனைவரும் எழுத்தில் இசைந்த பின்னரே சேஸிஸ் வேலை. அதுவரை ஒரு போல்ட்டையும் கழற்றக் கூடாது. ஆர்வத்தில் பிரித்துப் போட்ட வண்டிகள் சாக்குகளில் ஏறி இரும்புக் கடைக்குச் செல்வதைப் பண்ருட்டிச் சாலையில் பார்த்திருக்கிறேன்.

அவன் இசைந்தான். தளவேலை சென்ற வாரம் தொடங்கியது. மூத்த லாத்தா கையொப்பமிட்டு அனுப்பிவிட்டார். பரங்கிப்பேட்டையிலுள்ள இளைய லாத்தா, இரும்பு விலைக்கு விற்றுத் தம் பங்கைத் தந்துவிடும்படி கேட்கிறார். அவர் கேட்பதும் நியாயமே. அந்தப் பங்கைப் பேரன் விலைக்கு வாங்கிக்கொள்வதானால் எந்த விலையைக் கொள்வது, இரும்பின் விலையா, காரின் விலையா என்று அவரோடு பேச நாளை மறுநாள் பரங்கிப்பேட்டைக்குப் புறப்படுகிறேன்.