அடி பத்தவில்லை என்று நினைத்தேன்

கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

என் பேத்தி ரைபிள் கிளப்பில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறாள். புது மேட்ச் ரைபிளின் விலையைக் கேட்டுவிட்டு, பயிற்சிக்குப் பழைய பி.சி.பி. ரைபிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்து வந்து நின்றாள். "அப்புச்சி, ஆரம்பத்துல குண்டெல்லாம் கீழ போகுது. போகப் போக மேல ஏறுது. நான் ஒரே மாதிரிதான் பிடிக்கிறேன். என் கைதான் சரியில்லைங்கறாங்க." அழாத குறை.

இந்த ரைபிள் வேலை செய்யும் விதம் எளிது. சிலிண்டரில் 200 பார் வரை காற்றை நிரப்புவார்கள். வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தம். அந்தக் காற்றே வால்வை உள்ளிருந்து அழுத்தி மூடி வைத்திருக்கும். ட்ரிக்கரை இழுத்தால் ஸ்பிரிங் தள்ளி, ஹேமர் என்ற இரும்புத் துண்டு வால்வின் தண்டில் போய்த் தட்டும். கண் இமைப்பதற்குள் வால்வு திறந்து மூடும். அப்போது வெளிவரும் காற்றில்தான் குண்டு பாய்கிறது. விலை உயர்ந்த ரைபிள்களில் வால்வுக்கு வரும் அழுத்தத்தைச் சீராக வைக்க ரெகுலேட்டர் இருக்கும். எங்களுடையதில் இல்லை.

அறிவியல் வாத்தியார் அல்லவா நான்! குண்டு கீழே போகிறதென்றால் வேகம் குறைவு, வேகம் குறைவென்றால் ஹேமரின் அடி பத்தவில்லை என்று முடிவு கட்டினேன். ஸ்பிரிங் திருகை இரண்டு சுற்று இறுக்கினேன். சத்தம் கூடியது. காற்று சீக்கிரம் தீர்ந்தது. குண்டுகள் முன்னைவிட அதிகமாகச் சிதறின.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் ஏர் ரைபிள்களும் பழுது பார்ப்பான். அவனிடம் கொண்டு போனேன். உள்ளே குண்டு இல்லை என்று பார்த்து, காற்றை முழுக்க வெளியேற்றிய பிறகுதான் திருகில் கை வைத்தான். (வீட்டில் யாரும் இதைச் செய்யாதீர்கள். நான் செய்ததே தப்பு.)

"எத்தனை சுத்துங்க சார் முறுக்கினீங்க?"

"ரெண்டு."

இரண்டு சுற்றையும் தளர்த்தினான். காற்று நிரப்பி, வேகம் அளக்கும் கருவிக்கு மேலாகச் சுட்டுச் சுட்டு, ஒரு பில்லின் பின்பக்கம் குறித்தான். 200 பாரில் நொடிக்கு 150 மீட்டர். 160 பாரில் 168. 140ல் 170. 120ல் 167. அதற்குக் கீழே வேகம் இறங்கிக்கொண்டே போனது.

"காத்து நிறைய இருந்தா வால்வு இறுகிக்குமுங்க சார். அதே அடிக்கு அப்பச் சரியாத் திறக்காது. எல்லாரும் அடி பத்தலைன்னு ஸ்பிரிங்கை முறுக்குவாங்க. அழுத்தம் இறங்குனதும் அந்த அடி அதிகமாயிடும். வால்வு ரொம்ப நேரம் திறந்து காத்து வீணாப் போகும். சில சமயம் ஹேமர் துள்ளி ரெண்டாவது தடவையும் தட்டிரும். 160க்கு மேல நிரப்ப வேண்டாம். 120க்கு வந்ததும் மறுபடி நிரப்பிக்கச் சொல்லுங்க. அவ்வளவுதான்."

வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 170 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு 10 மீட்டர் தூரத்துக்குள் 17 மில்லிமீட்டர் இறங்கும். 150ல் ஏறத்தாழ 22. வித்தியாசம் 5 மில்லிமீட்டர். இலக்கு அட்டையில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர்தான். பத்து வாங்க வேண்டிய பிள்ளை எட்டு வாங்கியிருக்கிறாள்.

இதை எழுத உட்கார்ந்தது வேறு ஒரு காரணத்துக்காக. அவன் அந்த எண்களை வரைபடமாக வரைந்துகொண்டிருந்தபோது, கோடு போடலாமே என்று மேசையில் கிடந்த ஸ்டீல் ஸ்கேலை எடுத்தேன். மேசை மேல் இருந்த அவன் இடது கை சட்டென்று பின்னால் போனது. அவனே அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

1991, எட்டாம் வகுப்பு. பரீட்சையில் எல்லாம் எழுதுவான். எழுப்பிக் கேட்டால் வாய் திறக்காது. திமிர் என்று நினைத்தேன். ஸ்கேலால் அடித்தேன். அப்போதும் பேசவில்லை. அடி பத்தவில்லை என்று இன்னும் ஓங்கினேன். பயந்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று ஆசிரியர் பயிற்சியில் படித்து, பரீட்சையிலும் எழுதித் தேறியவன்தான் நான்.

அன்று இரவு போன் செய்து, "மன்னிச்சுக்கோ தம்பி" என்றேன்.

"அய்யோ, எனக்கு ஞாபகமே இல்லீங்க சார்" என்று சிரித்தான். அவன் கைக்கு ஞாபகம் இருந்ததே.

பேத்தியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப என் கை சரியாத்தானே இருந்துச்சு, அப்புச்சி?"

இதற்குக் கீழே, 'நீங்க அடிச்சதாலதான் உருப்பட்டோம் சார்' என்று யாரும் எழுத வேண்டாம். உருப்பட்டது உங்கள் உழைப்பால். உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள், எல்லோர் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை என்றால், கையை ஓங்கும் முன் உள்ளே என்ன அழுத்துகிறது என்று கேளுங்கள். என் கையில் அடி வாங்கியவர்கள் இதைப் படித்தால், உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் சார்