பையைத் திறந்து காட்டு

“மேம், கப்பல்ல நம்ம பாட்டிலைக் கொண்டுபோக விடுவாங்களா?” ஒரகடத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவி போனில் கேட்டாள். 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பத் தொடங்கிய கோர்டிலியா சொகுசுக் கப்பலில் ஒருமுறை போய்வர அவளும் அறைத்தோழிகளும் சீட்டுக் கட்டுகிறார்கள்.

“விடமாட்டாங்கம்மா” என்றேன். காரணம் வியாபாரம்தான். பயணச்சீட்டைப் போலவே மதுக்கூடமும் கப்பலுக்கு வருமானம். சில வெளிநாட்டுக் கப்பல்கள் ஆளுக்கு 750 மில்லி ஒயினை அனுமதிக்கின்றன. மற்றதை வாய்கொப்பளிக்கும் மருந்துப் புட்டியில் ஊற்றிக் கடத்துகிறவர்கள் உண்டு. 2015இல் கார்னிவல் நிறுவனம் தண்ணீர் பாட்டிலுக்கே தடை போட்டது.

அவளுடைய விடுதி வாசலிலும் தினமும் பை திறக்கப்படுகிறது. ஊறுகாய் பாட்டிலை முகர்ந்து பார்க்கிறார்கள். நாப்கின் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். ஒரு காலி பீர் டின் கிடைத்தால் வீட்டுக்குப் போன் போகும். வேலை நிற்கும், அவசரக் கல்யாணம் நிச்சயமாகும். அதே சாலையில், 2003 முதல் சில்லறை விற்பனையும் செய்யும் டாஸ்மாக்கிலிருந்து ஆண்கள் இடுப்பில் செருகிக்கொண்டு போகிறார்கள். அவர்களை நிறுத்த வாசலே இல்லை.

இதற்குப் பெயர் பாதுகாப்பு. ஆனால் 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தபோது, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான் தட்டில் விழும் சோற்றைப் பற்றி ஊர் பேசியது.

குடி நல்லது என்று நான் சொல்லவில்லை. குடித்தழிந்த வீடுகளைப் பார்த்தவள்தான். சம்பாதிக்கும் பெண்ணிடம் கப்பல் கேட்பது காசு. விடுதி கேட்பது நடத்தைச் சான்று. காசுக்காவது ரசீது தருவார்கள்.