சீசா

கிழவர் என் கல்லை உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை மேலும் கீழும் அசைத்துப் பார்த்தார். “சீசா” என்றார். கல்லை நான் ஒரு கண்ணாடிச் சீசாவில்தான் போட்டுக் கொண்டுவந்திருந்தேன். அதைத்தான் கேட்கிறார் போலிருக்கிறது என்று அதையும் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. கல்லைத் திருப்பித் தந்துவிட்டு, பலகைக்கு அடியிலிருந்து ஓர் அலுமினியச் சொம்பை எடுத்தார். கடைக்கு வெளியே கையை நீட்டி, விரலிடுக்கு விடாமல் கழுவினார்.

எனக்குச் சுரீர் என்றது.

நான் கும்பகோணத்துக்காரன். பால்காரர் திண்ணையில் வைத்துவிட்டுப் போன செம்பின் மேல் தண்ணீர் தெளித்துத்தான் எங்கள் பாட்டி அதை உள்ளே எடுத்துப் போவாள். அந்தத் தண்ணீருக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐம்பத்தைந்து வயதில், ஹைதராபாத்தில், ஒரு அத்தர் கடை வாசலில் அது எனக்கே நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் ரயில்வே இந்தியில் “ஹாத் கியோன் தோயா?” என்று குரலை உயர்த்தினேன். அவர் பதறிப்போய் “நக்கோ ஜி, நக்கோ” என்றார். ஐந்து விரலையும் குவித்து வாய்க்கருகே கொண்டுபோய்த் தலையை ஆட்டினார். போய்ச் சாப்பிடு என்று விரட்டுகிறார் என எடுத்துக்கொண்டேன். பக்கத்துக் கடைப் பையன் எழுந்து வந்தான். நான் இரண்டு வார்த்தை தமிழில் திட்டிவிட்டு நடையைக் கட்டினேன். புரியாத ஊரில் தமிழில் திட்டுவது ஒரு தனி சுகம். கோபம் மட்டும் குறைவதில்லை.

அக்கா பெண்ணுக்கு அங்கே வேலை. வீடு மாற்றிக் கொடுக்கப் போயிருந்தேன். கல் என் பெரியப்பாவுடையது. கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர், இறங்கிய துறைமுகத்திலெல்லாம் ஒரு கல் வாங்குவார். இது நமீபியாவின் வால்விஸ் பே துறைமுகத்தில் வாங்கியது. கட்டைவிரல் பருமன். தேன்மெழுகு நிறத்தில் சின்னச் சின்ன ஆறுபட்டைக் குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ‘பைரோமார்ஃபைட்’ என்று அவர் கையெழுத்தில் ஒரு சீட்டு. அவர் போன பிறகு பெரியம்மா அதை அடுக்களை அலமாரியில், ஈயச் சொம்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தோறும் துடைப்பாள். போன வருஷம் வீட்டைக் காலி செய்தபோது என்னிடம் வந்தது.

பத்தர்கட்டி என்று ஒரு கடைத்தெரு இருப்பதாகக் கேட்டதும் நகைப் பத்தர்கள் இருக்கும் தெரு என்று நம்பித்தான் கல்லை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே பத்தர் என்றால் கல். கருங்கல்லில் கட்டிய வளைவுகள் வரிசையாக நிற்கும் கடைத்தெரு. முத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டு, முத்துமாலை வேண்டுமா என்று கேட்டார்கள். மூன்றாமவர்தான், வயசானவர் ஒருவர் இருக்கிறார், அவருக்குக் கல் தெரியும் என்று அந்த அத்தர், சுருமா கடைக்குக் கை காட்டிவிட்டார். அதன் பிறகு நடந்ததைத்தான் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து தார்நாகாவில் ஒரு வீட்டில் மதியச் சாப்பாடு. அக்காவின் சிநேகிதி, நிலவியல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டிய தெலுங்கு அம்மாள். சேலத்தில் சில வருஷம் இருந்ததால் தமிழ் நன்றாக வரும். கல்லைச் சட்டைப் பையிலிருந்து எடுத்ததும் அவர் முகம் மாறியது.

“பையிலயா வச்சிருக்கீங்க தம்பி?”

கைக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை அசைத்தார். அதே அசைவு. “காரீயம். பளு பாருங்க. இதே அளவு கூழாங்கல்லைவிட ரெண்டரை மடங்கு இருக்கும்” என்று சொல்லிவிட்டு நேரே குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினார். என்னையும் கழுவச் சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு மறுபடி எழுப்பி, சோப்புப் போட்டீர்களா என்று கேட்டுக் கழுவ வைத்தார்.

குழாயடியில் நிற்கும்போதுதான் எனக்கு மெல்ல விடிந்தது. “மேடம், இந்தியில காரீயத்துக்கு என்ன?”

“சீசா.”

கண்ணாடிக்கு ஷீஷா, காரீயத்துக்குச் சீசா. ஷீஷா தமிழுக்கு வந்து புட்டியாகி, அதுவும் சீசா என்று ஆகிவிட்டது. கிழவர் ஆய்வகம் செய்வதில் பாதியை உள்ளங்கையாலேயே செய்திருக்கிறார். இதில் நான் வெட்கப்பட இன்னொன்றும் உண்டு. என் அம்மாவுக்கும் அந்த வித்தை தெரியும். கும்பகோணம் பாத்திரக் கடையில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வாங்கும்போது ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பாள். “கனம் ஜாஸ்தியா இருக்கு, காரீயம் கலந்திருப்பான்” என்று கீழே வைத்துவிடுவாள். வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தினுடையது 11.3. அந்த எண்கள் அவளுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும்.

முத்தப்பப்பு, நெய், ஆவக்காய், கோங்கூரா. பரிமாறிக்கொண்டே அவர் சொன்னதுதான் அந்தச் சாப்பாட்டின் விசேஷம். பெரியப்பாவின் சீட்டு சரியாக இருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். பைரோமார்ஃபைட் என்பது காரீயம், பாஸ்பேட், குளோரின் சேர்ந்தது. அச்சு அசலாக அதே உருவம், அதே ஆறு பட்டை, அதே பளபளப்போடு இன்னொன்று உண்டு. பாஸ்பேட்டின் இடத்தில் ஆர்சனேட். அதாவது ஐந்து காரீயம், மூன்று ஆர்சனேட், ஒரு குளோரின். 1832-ல் பிரெஞ்சுக்காரர் பூதான் அதற்குக் கிரேக்கத்தில் பெயர் வைத்தார். போலச் செய்பவன் என்று அர்த்தம். மிமெடைட்.

“இன்னொரு வேடிக்கை. இந்த ரெண்டும் சேர்ந்த குடும்பத்துக்கு அபடைட்னு பேர். 1786-ல வெர்னர் வச்சது. ஏமாத்துறதுன்னு அர்த்தம். வேற வேற கல்லுன்னு எல்லாரையும் ஏமாத்திட்டே இருந்ததாம். ஏமாத்துக்காரன் வீட்டுல ஒரு வேஷக்காரன்.” ஆவக்காயைக் கடித்த என்னைப் பார்த்து, “உங்க பல்லும் அதே குடும்பம்தான் தம்பி. அதுல கால்சியம், இதுல காரீயம்” என்றார். நான் கொஞ்ச நேரம் மெல்லவில்லை.

வேஷம் என்றதும் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. கூத்துக்காரர்கள் முகத்தில் பூசுவதை அரிதாரம் என்கிறோம். அரிதாரம் என்பதே ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சள் கல்லின் பெயர். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெலுங்கிலும் ஹரிதாளம்தான் என்றார். ஆர்சனிக்கின் நடிப்பு கல்லோடு நிற்பதில்லையாம். உடம்புக்குள் பாஸ்பேட் உட்கார வேண்டிய நாற்காலியில் ஆர்சனேட் போய் உட்கார்ந்துகொள்ளும். செல்லுக்கு ஆள் அடையாளம் தெரியாது, வேலை கெட்டுப்போகும். அது விஷமாவதற்கு இதுவும் ஒரு வழி.

பார்த்து மட்டும் பிரிக்க முடியாது என்றார். அந்தக் காலத்தில் கரியின் மேல் வைத்து ஊதுகுழலால் சுடுவார்கள். பைரோமார்ஃபைட் உருகி, ஆறும்போது முத்து போல உருண்டு அதன்மேல் பட்டைகள் எழும். அந்தப் பெயரே அதனால் வந்தது: தீயில் உருவம் எடுப்பது. மிமெடைட்டாக இருந்தால் பூண்டு வாசனை வரும், ஆர்சனிக்கின் வாசனை. அந்த நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து கமகமவென்று பூண்டு வாசனை வந்தது. நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். “சாருக்குத் தாளிக்கிறாங்க” என்றார் அவர், சிரிக்காமல். எங்கள் வீட்டில் பூண்டு சேர்ப்பதில்லை. அந்தச் சாரு நம் ரசத்தைத் தூக்கி அடித்தது என்பதை இங்கே எழுதலாம், வீட்டில் சொல்ல மாட்டேன்.

கல்லுக்குச் சாதி பிரிப்பதும் ஓயாத வேலைதான் போலிருக்கிறது. 2010-ல் சர்வதேசக் கனிமவியல் சங்கம் அபடைட் வகையறாவின் குடும்ப அட்டையையே திருத்தி எழுதி, ஐந்து பிரிவாக்கியது. காரீயத்தோடு கால்சியமும் தனி இடம் பிடித்துக்கொண்ட ஹெடிஃபேன் தனிக்குடித்தனம் போனது. அணுக்களின் அடுக்கு சற்றே சாய்ந்திருப்பதால் 1991-ல் தனிப் பெயர் வாங்கிய கிளைனோமிமெடைட், அந்தப் பெயரை இழந்து மறுபடி மிமெடைட்டிலேயே சேர்ந்தது. மற்றபடி விதி நம் தேர்தல் விதிதான். பாஸ்பரஸ் பாதிக்கு மேல் என்றால் பைரோமார்ஃபைட், ஆர்சனிக் பாதிக்கு மேல் என்றால் மிமெடைட். ஒரே படிகத்தின் நடுப்பகுதி ஒரு கட்சியாகவும் ஓரம் இன்னொரு கட்சியாகவும் இருப்பதுண்டு.

கல் அனேகமாக நமீபியாவின் சுமெப் சுரங்கத்தினுடையது என்றார். காரீயமும் ஆர்சனிக்கும் அங்கே எத்தனையோ விதமாகக் கூடியிருக்கின்றன. ஷூல்டெனைட் என்று ஒன்று, குளோரின் இல்லாத காரீய ஆர்சனேட். மிக அபூர்வம், நகத்தால் கீறிவிடலாம் போல மென்மை. 1926-ல்தான் அதற்குக் கனிமம் என்று பெயர் கிடைத்தது. ஆனால் அதே பொருளை ஆலையில் செய்து, 1890களிலிருந்தே அமெரிக்க ஆப்பிள் தோட்டங்களில் பூச்சிமருந்தாக அடித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கா முழுத் தடை போட்டது 1988-ல். அபூர்வக் கல் என்று கண்ணாடிப் பெட்டியில் வைப்பதும் மூட்டை மூட்டையாகப் பழத்தின் மேல் தெளித்ததும் ஒன்றே. பெரியம்மா வெள்ளிக்கிழமை தோறும் துடைத்தாளே, அந்தத் துணியால் வேறு எதைத் துடைத்தாள் என்று யோசிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

அம்மாள் ஒரு துணுக்கைத் தன் பழைய மாணவரிடம் கொடுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் போன் வந்தது. ஆர்சனிக் பெரும்பான்மை. பெரியப்பாவின் நாற்பது வருஷச் சீட்டு தப்பு. வாழ்நாளில் ஒரு விஷயத்தில்கூடத் தப்பு என்று ஒப்புக்கொள்ளாத மனுஷன். சீட்டைக் கிழிக்க மனசு வரவில்லை, பின்பக்கத்தில் எழுதிவைத்தேன்.

ஊருக்குக் கிளம்புமுன் பத்தர்கட்டிக்கு மறுபடி போனேன். கிழவர் என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கடைப் பையனைத் தேடினார். நான் மூடி இறுக்கிய புது டப்பாவைத் திறந்து கல்லைக் காட்டி, “சீசா” என்றேன். “ஹவ்” என்றார், இதில் சந்தேகம் வேறா என்கிற மாதிரி. “சங்கியா பீ” என்றேன். ஆர்சனிக்குக்கு உருதுச் சொல், அம்மாள் சொல்லிக்கொடுத்தது. அவர் புருவம் ஏறியது.

பையன்தான் இடையில் நின்று மொழிபெயர்த்தான். கிழவரின் அப்பா காலத்திலிருந்து அவர்கள் வீட்டில் கண்ணில் தீட்டும் சுருமாவுக்கான கல்லை அம்மியில் பன்னீர் விட்டு நாள்கணக்காக அரைப்பார்களாம். சுருமா என்றால் ஆண்டிமனி என்பது பேச்சு. கடையில் பெரும்பாலும் கிடைப்பது கலீனா, காரீயமும் கந்தகமும். அதுவும் ஒரு போலச் செய்பவன். வயிற்று வலி, கை நடுக்கம் என்று வைத்தியரிடம் போனபோது, அரைப்பதை விடு, சாப்பிடுமுன் கையைக் கழுவு என்று சொல்லிவிட்டாராம். இப்போது அட்டைப் பெட்டியில் வரும் சுருமாதான் விற்கிறார். அது மட்டும் என்ன யோக்கியமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை, ஒரு தடவை கத்தியாகிவிட்டது.

அவர் மறுபடி கல்லை வாங்கி அசைத்துப் பார்த்தார். டப்பாவில் போட்டு மூடினார். சொம்பை எடுத்துக் கழுவினார். மீதித் தண்ணீரோடு சொம்பை என் பக்கம் நகர்த்தி, ஐந்து விரலையும் குவித்து வாய்க்கருகே கொண்டுபோய்த் தலையை ஆட்டினார். நான் கழுவி முடிக்கும்வரை காத்திருந்துதான் சாயாவுக்கு ஆள் அனுப்பினார்.