அப்பம்மா சொன்ன ஊறாத்துறை

மெல்பேர்னில் இருக்கும் சித்தப்பாவுக்குக் காணியின் படம் வேண்டுமாம். வித்துப் போடுவதா, வைத்திருப்பதா என்று குடும்பத்துக்குள் ஒரு வருடமாக இழுபறி. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் மோட்டார் சைக்கிளில் பண்ணைப் பாலம் தாண்டி ஊர்காவற்றுறைக்குப் போனோம். நாங்கள் பிறந்ததும் படித்ததும் யாழ்ப்பாண ரவுணுக்குள்தான். ஆனால் எங்கள் வீட்டில் 'ஊர்' என்றால் அது இதுதான்.

அப்பம்மாவின் வாயில் அது 'ஊறாத்துறை'. சின்ன வயசில் எங்களுக்குச் சிரிப்பு வரும். "அப்பம்மா, பலகையில ஊர்காவற்றுறை எண்டெல்லோ எழுதிக் கிடக்கு" என்று திருத்துவோம். அவ காதிலேயே விழுத்த மாட்டா. பள்ளிக்கூடத்தில் சிரிப்பு எங்கள் பக்கம் திரும்பும். சண்டை வந்தால் முதலில் வந்து விழுகிற சொல் 'தீவார்'. பாலத்துக்கு அங்கால் இருப்பவர்கள் ஏதோ நாகரிகம் பிந்தி வந்தவர்கள் என்கிற மாதிரி. தீவகத்துப் பெடியள் இதை வாசித்தால் தலையாட்டுவார்கள். ஊர் எது என்று கேட்டால், "பண்ணைக்குக் கிட்ட" என்று சொல்லிச் சமாளித்திருக்கிறோம்.

பிறகுதான் நயினாதீவுக் கல்வெட்டைப் பற்றி வாசித்தோம். நாகபூஷணி அம்மன் கோயிலில் இருக்கும் தமிழ்க் கல்வெட்டு அது. 12ஆம் நூற்றாண்டு, முதலாம் பராக்கிரமபாகு காலம். பொலநறுவையில் இருந்து ஆண்ட அரசன் இங்கே தமிழில் ஆணை எழுதியிருக்கிறான். வெளிநாட்டார் ஊராத்துறைக்கு வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்கவேண்டும் என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. கப்பல் உடைவது அந்தக் கடலில் வழமையாக இருந்திருக்க வேண்டும்.

அதில் ஊரின் பெயர் 'ஊராத்துறை'. எண்ணூறு வருடத்துக்கு மேல் பழசான பெயரைத்தான் அப்பம்மா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறா. நாங்கள் அதைத் திருத்தப் பார்த்திருக்கிறோம்.

போர்த்துக்கேயர் வந்து தங்கள் மொழியில் துறைமேடைக்கு உள்ள சொல்லை இந்த ஊருக்கு வைத்தார்கள். அதுதான் இன்றைக்கு ஆங்கிலத்தில் 'கைற்ஸ்'. வன்னியில் பிடித்த யானைகளை இங்கே கொண்டுவந்து கப்பலேற்றினார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரும் அந்த வியாபாரத்தை விடவில்லை. கரையில் நின்றால் காரைநகருக்கும் எங்களுக்கும் நடுவே, தண்ணீருக்குள் கடற்கோட்டை தெரியும். ஒரு காலத்தில் சிறை, இப்போது கடற்படையின் விடுதியோடு சேர்ந்தது. 1905இல் ரயில் காங்கேசன்துறை வரை வந்தது. எங்கள் தீவைத் தொடவில்லை.

1990, 91 இராணுவ நடவடிக்கைகளில் சனம் எழும்பியது. எங்கள் குடும்பம் 91இல். அதைப் பற்றி அப்பா கதைப்பதில்லை.

இப்போது யூடியூப்காரர் வந்து உடைந்த வீடுகளை மட்டும் படம் பிடித்து, 'பேய் நகரம்' என்று தலைப்புப் போடுகிறார்கள். எங்களுக்கு அதில் கோபம் இருக்கிறது. நாங்கள் போன அன்று பூசை முடிந்து சனம் வந்துகொண்டிருந்தது. துறையில் காரைநகருக்குப் போகும் 'பாதை' மோட்டார் சைக்கிள்களோடு நின்றது. தனிநாயகம் அடிகள் படித்த புனித அந்தோனியார் கல்லூரி இன்னும் நடக்கிறது. அவர் 1913இல் பிறந்த கரம்பொன் பக்கத்தில்தான். உடைந்த வீடுகளும் இருக்கின்றனதான், இல்லையென்று சொல்லவில்லை. அதில் ஒன்று எங்களுடையது.

கூரை இல்லை. விறாந்தைச் சீமெந்தைப் பிளந்துகொண்டு வடலி நிற்கிறது. எல்லை எது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நிற்க, பக்கத்து வளவிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "ஆற்றை பிள்ளையள்?" என்று கேட்டா. ரவுணில் அந்தக் கேள்விக்கு ஒளித்துத் திரிந்தவர்கள் நாங்கள். அப்பப்பாவின் பெயரைச் சொன்னோம். அவ எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அந்த மூக்கு" என்றா. பிறகு தேத்தண்ணி. பிறகு எங்கள் வேலி எது, எங்கே இருந்த பூவரசைப் போன புயலுக்குக் கொடுத்தோம் என்று விரலால் காட்டினா.

இரவு படங்களைச் சித்தப்பாவுக்கு அனுப்பினோம். நல்ல விலை வரும் என்று பதில் போட்டார். அப்பம்மாவின் கட்டிலில் இருந்து போனில் ஒவ்வொன்றாகக் காட்டினோம். வீட்டுப் படத்தைக் கெதியாய்த் தள்ளச் சொன்னா. கிணத்துப் படம் வந்ததும் போனைத் தன் கையில் வாங்கினா.

"தண்ணி குடிச்சுப் பாத்தனிங்களோ? எங்கட கிணறு உப்பில்லை."

நாங்கள் குடித்துப் பார்க்கவில்லை.

"அப்ப இன்னொருக்காப் போங்கோ. அதுக்குப் பிறகு அவனோட நான் கதைக்கிறன்."