மேகத்தின் அடியில்

முதலியார்பேட்டையில், கடலூர் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு வீட்டின் மொட்டைமாடியில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் கூடுகிறோம். ஐந்தாறு பேர்தான். எங்களுள் ஒருவர் பள்ளி ஆசிரியர்; மற்றொருவர் ஏ.எஃப்.டி. ஆலையில் தறி ஓட்டி, 2020இல் ஆலை மூடப்படுவதற்கு முன்பே ஓய்வுபெற்றவர். இருவரிடம் கேமரா உண்டு, மற்றவர்களிடம் கைபேசி மட்டுமே. மேகம் பார்ப்பதும் படமெடுப்பதும் தவிர வேறு அலுவல் எங்களுக்கு அங்கில்லை. தெருவில் போகிறவர்கள் தொடக்கத்தில் நாங்கள் பட்டம் விடுவதாக எண்ணி அண்ணாந்து தேடினார்கள். இப்போது பழகிவிட்டார்கள்.

மேகம் பார்ப்பவர்களுக்குப் புதுச்சேரி நல்ல ஊர். கோடையில் பிற்பகல் சாயும்போது விழுப்புரம் திசையில் திரள்மேகங்கள் எழும்பும். சூடேறிய நிலத்திலிருந்து மேலே போகும் ஈரக்காற்று குளிர்ந்து துளிகளாவதே அது. சில மேகங்கள் மேன்மேலும் உயர்ந்து, ஒரு கட்டத்திற்குமேல் ஏற வழியின்றிப் பக்கவாட்டில் பரந்து, உச்சி கொல்லன் பட்டடைக் கல்லைப்போலத் தட்டையாகிவிடும். ஐப்பசி பிறந்தால் நாங்கள் நாற்காலிகளைக் கிழக்கே திருப்பிப் போடவேண்டும். கடலிலிருந்து மேகங்கள் வரிசையாக வரத் தொடங்கும். சூரியன் கடலில் விழும் காட்சி இந்தக் கரைக்காரர்களுக்கு வாய்க்கவில்லை. அதற்கு ஈடாக, மேற்கே சூரியன் மறைந்த பின்னரும் கடல்மேல் நிற்கும் மேகத்தின் தலையில் சிறிது நேரம் செம்மை தங்கியிருக்கும். நாங்கள் அதிகமாகப் படமெடுத்திருப்பது அந்தச் சில நிமிடங்களைத்தான்.

1802இல் லண்டனில் லூக் ஹோவர்ட் என்பவர் ஓர் உரையில் மேகங்களுக்கு இலத்தீன் பெயர்களை வழங்கினார். சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ராட்டஸ். நம் பாடநூல்கள் அவற்றைக் கீற்றுமேகம், திரள்மேகம், படைமேகம் என்கின்றன. இவை தோற்றத்தைக் கொண்டு வைத்த பெயர்கள். தமிழின் பழைய பெயர்களில் வேறொரு பார்வை தெரிவதாக எங்கள் ஆசிரியர் சொல்வார். எழுவது எழிலி, நீரைக் கொண்டது கொண்டல். சங்கப் பாடல்களில் மழை என்ற சொல்லே மேகத்தையும் குறிக்கும். வானில் நிற்பதும் தரையில் விழுவதும் அவர்களுக்கு ஒரே சொல்லாக இருந்திருக்கிறது. இதை முதலில் கேட்டபோது ஒரு சொல்லாராய்ச்சியாகவே எடுத்துக்கொண்டோம்.

படமெடுப்பதில் நாங்கள் கற்றது கொஞ்சம். வெண்மை வெளிறிப்போகாமலிருக்க மேகத்தின் மிகப் பிரகாசமான பகுதிக்கு ஏற்ப ஒளியளவை அமைக்கவேண்டும். ஓரத்தில் ஒரு தென்னையோ தண்ணீர்த் தொட்டியோ இருந்தால்தான் மேகத்தின் பெருமை தெரியும். எல்லாவற்றிற்கும் மேலாக, மேகம் தொலைவில் இருக்கவேண்டும். தலைக்குமேல் வந்துவிட்டால் அதற்கு உருவமில்லை.

அந்தத் தொலைவு கிடைக்காத ஒருவரின் கதை இந்த ஊரிலேயே இருக்கிறது. லெ ஜான்டி என்ற பிரெஞ்சு வானியலாளர், வெள்ளி சூரியனைக் கடப்பதை அளக்கும்பொருட்டுப் புதுச்சேரிக்குப் புறப்பட்டவர். 1761இல் நிகழ்ந்த கடப்பின்போது ஊர் ஆங்கிலேயர் வசமாகிவிட்டிருந்தபடியால் அவர் நடுக்கடலில் இருக்க நேர்ந்தது. ஆடும் கப்பலிலிருந்து எதையும் அளக்க இயலவில்லை. பல ஆண்டுகள் கிழக்கிலேயே தங்கி, 1768இல் இங்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டையின் எச்சங்களின்மேல் ஆய்வுக்கூடம் அமைத்தார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள் ஒரு நல்ல தொலைநோக்கியைக்கூட அனுப்பி உதவினார்கள். 1769 ஜூன் 4, விடியற்காலை. அதுவரை தெளிந்திருந்த வானத்தை மேகம் மூடிக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகே வெயில் வந்தது. 1771இல் அவர் பிரான்சுக்குத் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாகவே அங்கு கருதப்பட்டிருந்தது.

அவர் நின்ற இடம் எங்கள் மாடியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவு. நாங்கள் அவரைக் குறித்து வேடிக்கையாகப் பேசிக்கொள்வது வழக்கம். அவர் எதை வெறுத்தாரோ அதற்காக அல்லவா நாம் தவம் கிடக்கிறோம் என்று. 2024 நவம்பர் 30க்குப் பிறகு அந்த வேடிக்கை நின்றது.

ஃபெஞ்சல் புயல் அன்றிரவு புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் பல மணி நேரம் இங்கேயே நின்றது. ஒரு நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அன்று காலை எங்களில் இருவர் கேமராவுடன் மாடிக்குப் போனதை மறைக்க விரும்பவில்லை. படமெடுக்க ஒன்றுமில்லை. சாம்பல் நிறத்தில் ஒரே பரப்பு. செயற்கைக்கோள் படத்தில் சுருண்டு திரண்டு தெரிந்த பெருமேகம், அதன் அடியில் நின்றவர்களுக்கு வெறும் நீராகவே இருந்தது. தாழ்வான தெருவில் குடியிருக்கும் எங்கள் ஆலை நண்பரின் வீட்டில் இரவுக்குள் இடுப்பளவு தண்ணீர். அவருடைய அரிசி, பேரப்பிள்ளைகளின் புத்தகங்கள், மனைவியின் பழைய புகைப்படங்கள் எல்லாம் போயின. ஆறேழு வாரம் அவர் மாடிக்கு வரவில்லை. நாங்களும் அழைக்கக் கூசினோம். மேகம் பார்க்க வாருங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறன்று அவராகவே வந்தார். கிழக்கே சிறிய திரள்மேகங்கள் சில நின்றிருந்தன. நாங்கள் யாரும் கேமராவைத் தொடவில்லை. அவர் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு. எந்த ஊரு தலையில போய் கொட்டப் போவுதோ" என்றார். அதில் கசப்பில்லை, விசாரிப்பே இருந்தது. பிறகு எங்களைப் பார்த்து, "எடுங்கப்பா, கலையுதில்ல" என்றார்.

அன்று முதல் எங்கள் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. நாள், நேரம், திசை, மேகத்தின் வகை ஆகியவற்றோடு, அது பிறகு எங்கே பெய்தது என்பதையும் தெரிந்தவர்களுக்குத் தொலைபேசி செய்து கேட்டு எழுதுகிறோம். கோடையில் மேற்கே பட்டடைக் கல்லாக நின்று எங்களை மயக்கிய மேகத்தின் அடியில் யாரோ ஒருவர் களத்து நெல்லை வாரிக்கொண்டிருந்தார் என்பது இப்படித்தான் தெரியவந்தது. மகிழ்ச்சி இதனால் குறைந்துவிடவில்லை. முன்பு படங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது அந்தக் கடைசிப் பத்தியையும் சேர்த்துப் படிக்கிறோம். அதை எழுதும் பொறுப்பை ஆலை நண்பரே கேட்டு வாங்கிக்கொண்டார்.